பக்கோடா இல்லை, பகோடா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். மின்னசோட்டாவில் போன வாரம்தான் பனி முழுசாக உருகியது. என் மரத்தின் பேரைக் கேட்டு அம்மா இன்னும் ‘பக்கோடாவா?’ என்று சிரிப்பதாகத் தம்பி சொன்னான். பகோடா டாக்வுட். கிளைகள் தட்டுத் தட்டாகப் படுக்கைவாக்கில் நீளும், கொஞ்சம் இடைவெளி, மேலே அடுத்த தட்டு. சீனா, ஜப்பான் பக்கத்து அடுக்குக் கோயிலை வைத்துத்தான் இந்தப் பேர். எனக்கென்னவோ சின்ன வயதில் உங்கள் தோளில் உட்கார்ந்து மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை நிலை நிலையாக எண்ணியதுதான் ஞாபகம் வருகிறது. அதற்கு ஒன்பது நிலை, இதற்கு இப்போதைக்கு மூன்று. முழுசாக வளர்ந்தாலும் 20, 25 அடிதான்.

ஜனவரியில் வீடியோவில் பார்த்துவிட்டு, ‘பட்டுப்போச்சுடா, பிடுங்கிப் போட்டு வேற வை’ என்றீர்களே. நம் திருமங்கலத்தில் அத்தனை மாசம் இலையில்லாமல் நின்றால் பட்ட மரம்தான், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே மைனஸ் 30 வரைகூடப் போகும், பாதி வருஷம் மரங்கள் இப்படிக் குச்சியாகத்தான் நிற்கும். நீங்கள் சொன்னதும் எனக்கும் பயம் வந்து நகத்தால் ஒரு கிளையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை.

குளிர் ஒன்றும் செய்யவில்லை அப்பா, கெடுத்தது முயல்! முதல் வருஷம் உறைந்த பனிமேல் ஏறி நின்று பட்டையைக் கடித்துவிட்டது. அப்புறம் கோழிக்கூட்டுக்குப் போடுகிற கம்பிவலையை, பனி ஏறும் உயரத்துக்கும் மேலே இரண்டடி வருகிற மாதிரி சுற்றிவிட்டேன். போன கோடையில் கீழ்த்தட்டில் ஒரு கிளை மட்டும் நல்ல மஞ்சளாக மாறியது, அழகாக இருக்கிறதே என்று படம்கூட எடுத்தேன். பார்த்தால் பூஞ்சை நோய். மஞ்சளுக்குக் கீழே நல்ல கட்டைவரை வெட்டி எறிந்ததில் ஒரு பக்கம் மொட்டை. நீங்கள் மல்லிக்குக் கவாத்து பண்ணுவதுபோல இதை ஒட்ட வெட்ட முடியாது, தட்டு போய்விடும்.

இன்னொரு கூத்து, மதுரைப் பக்கத்துக்காரன் நட்ட மரத்துக்கு வெயில் ஆகாது! வேர் மேலாகவே ஓடுவதால் சூடு தாங்காது. அதனால் வீட்டுக்குக் கிழக்கே, காலை வெயில் மட்டும் படுகிற இடம். தூரைச் சுற்றி மூன்று அங்குலத்துக்கு மரச்சீவல், தண்டைத் தொடாமல்.

மே கடைசியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும், அப்புறம் சிவப்புக் காம்பில் கருநீலப் பழம், அதைப் பறவைகள் விட்டுவைப்பதில்லை. பூத்ததும் படம் அனுப்புகிறேன். தலையில் வைக்க ஆகாது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மல்லி கிலோ என்ன விலைக்குப் போகிறது?

உங்கள் மகன்