பெயின்கில்லருக்குத் தேங்காய்ப்பால் உதவாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கரீபியன் படகுச் சுற்றுலா பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளில் பெயின்கில்லர் என்ற பானத்தை ‘ரம், பழச்சாறு, தேங்காய்ப்பால்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படியே கலந்தால் குவளையில் திரிதிரியாக மிதக்கும்.

பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில், ஜோஸ்ட் வான் டைக் தீவின் சாகி டாலர் மதுக்கூடத்தில் 1970-களில் பிறந்த பானம் இது. அங்கே படகுத்துறை கிடையாது. நங்கூரம் போட்டுவிட்டு நீந்திக் கரையேறியவர்கள் நீட்டிய ஈர டாலர்தான் கடையின் பெயர். டார்க் ரம் 60 மி.லி., அன்னாசிச் சாறு 120, ஆரஞ்சுச் சாறு 30, ‘கிரீம் ஆஃப் கோகனட்’ 30. இதுதான் அளவு.

கடைசியாகச் சொன்னது தேங்காய்ப்பால் அல்ல. சர்க்கரை நிறையச் சேர்ந்த கெட்டிப் பாகு. போர்ட்டோ ரிக்கோவின் கோகோ லோபெஸ் டப்பா அங்கே கடைகளில் கிடைக்கும். வெறும் தேங்காய்ப்பாலில் அந்தக் கெட்டித்தன்மை இல்லாததால் அன்னாசியின் புளிப்பு பட்டதும் பிரிந்துவிடும், இனிப்பும் போதாது. டப்பா கிடைக்காவிட்டால், தண்ணீர் விடாமல் பிழிந்த முதல் பால் 400 மி.லி.யில் 400 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, சிறு தீயில் கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்தால் எண்ணெய் பிரியும். சொதி வைப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. டப்பாவிலும் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்துக் கலக்கிய பிறகே அளக்க வேண்டும்.

பனிக்கட்டியோடு ஐந்தாறு நொடி குலுக்கி, நொறுக்கிய பனிக்கட்டி மேல் ஊற்றி, முழு ஜாதிக்காயை அந்த நேரத்தில் துருவிப் போடுங்கள். பொடியாக வாங்கியதில் மணம் இருக்காது.

ரம் புட்டியின் சதவீதத்தையும் பார்த்துவிடுங்கள். ஜமைக்காவின் ரே அண்ட் நெப்யூ ஓவர்புரூஃப் 63 சதவீதம். சாதாரண 40 சதவீத ரம்முக்குப் பதிலாக அதே 60 மி.லி. ஊற்றினால் சாராயம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும், இனிப்பில் அது நாக்குக்குத் தெரியாது. நங்கூரம் இறங்கி, அன்றைய ஓட்டம் முடிந்த பிறகுதான் எதுவானாலும்.

டைக்கிரி என்ற ரம் பானம் இதைவிட எளிது. கியூபாவின் சாந்தியாகோவுக்கு அருகிலுள்ள ஊரின் பெயர் அது. வெள்ளை ரம் 60, எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரை இரண்டு சிறு கரண்டி. சர்க்கரையை முதலில் சாற்றில் கரைத்துவிட வேண்டும். ரம்மும் பனிக்கட்டியும் சேர்ந்த பிறகு அது அடியில் மணலாகத் தங்கிவிடும். பழத்தை அழுத்தி நசுக்கினால் தோலின் கசப்பு இறங்கும்.

எலுமிச்சையை மேல்தளத்தில் வெயிலில் பிழிவதைத் தவிர்க்க வேண்டும். சாறும் தோல் எண்ணெயும் பட்ட கையில் வெயில் விழுந்தால், ஓரிரு நாளில் தீக்காயம்போலச் சிவந்து கொப்புளிக்கும். அந்தத் தழும்பு பல வாரம் கறுத்துக் கிடக்கும். அறைக்குள் பிழிந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு மேலே வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்