கற்பனையும் கட்டத்தாளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கற்பனை ஊற வேண்டுமானால் ஏற்காடு ஏரிக்கரையில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்தால் போதும் என்று தங்கள் ஞாயிறு இதழில் ஒருவர் எழுதியிருந்தார். மலைக்குத் தாராளமாகப் போகட்டும். போகும் முன் என்ன செய்து வைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே சேலத்தில் அம்மாபேட்டை, குகை பக்கம் தறிச் சேலைக்கு டிசைன் போடும் இளைஞர்களிடமும் "மூட் வரலைங்க" என்ற பேச்சு உண்டு. விசாரித்தால் இழைக்கணக்கையே போட்டிருக்க மாட்டார்கள்.

தறியில் பூ விழுவதற்காக நூலிழைகளைக் கொக்கியால் தூக்கும் கருவி ஜக்கார்டு. அதில் 240 கொக்கி, கொக்கிக்கு ஒரு இழை என்றால், டிசைன் வரையும் கட்டத்தாளில் அகலவாக்கில் 240 கட்டம். பூவின் அகலம் அதில் மீதியில்லாமல் அடங்க வேண்டும்: 24, 30, 40 என்று. 36 கட்டத்தில் மாங்காய் வரைந்தால் ஆறு முழுதாக விழும், ஏழாவதில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்படும். அங்குலத்துக்குப் பாவு (நீளவாக்கு நூல்) 80, ஊடை (குறுக்கு நூல்) 60 என்றால், 40-க்கு 40 கட்டத்தில் போட்ட வட்டம் தறியில் முட்டையாக நீளும். 40-க்கு 30 போட்டால்தான் உருண்டை. பூவுக்கென்று தனியாக ஓடும் ஊடை 20 கட்டம் பிடிப்பில்லாமல் ஓடினால் கால் அங்குல நூல் தொங்கி, வளையலில் மாட்டும். நடுவே அதைப் பாவோடு பிடித்துக்கட்டும் ஒரு கட்டுப்புள்ளி கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் புள்ளிகளையே இலை நரம்பாக ஓடவிடலாமே என்று தோன்றுகிறதே, அதுதான் கற்பனை. கணக்கில் முட்டிக்கொள்ளாதவருக்கு அது தோன்ற வழியே இல்லை.

போனில் கிடைத்த படத்தைக் கணினியில் போட்டுக் கட்டமாக்கிவிடுவது இப்போதைய சோம்பல். ஓரமெல்லாம் ஒற்றைக் கட்டமாகச் சிதறியிருக்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைக்காவிட்டால் துணியில் பூ பிசிறடிக்கும்.

ஓய்வு வேறு. வரைந்து முடித்ததை ஒரு ராத்திரி தள்ளிவைத்து, காலையில் எட்ட நின்று பார்ப்பது நல்லது. ஊடைக்கு ஒன்றாக ஜக்கார்டுக்கான துளை அட்டை அடித்துக் கோத்தபின் திருத்துவது வீண் செலவு. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஹென்றி பாயின்கரேவுக்கு வண்டிப் படியில் கால் வைத்த நொடியில் விடை உதித்த கதையைப் பலரும் சொல்வார்கள். அதற்கு முன் நாள்தோறும் மேசையில் அவர் மல்லுக்கட்டியதையும், பிறகு அதைச் சரிபார்த்ததையும் சௌகரியமாக விட்டுவிடுவார்கள்.

புதிதாகப் பழகுகிறவர்கள் 24-க்கு 18 கட்டத்தில் ஒரு புட்டா (சிறு பூ) போடட்டும். மேற்சொன்ன இழைக்கணக்கில் உருண்டையாக விழும், 240இல் பத்து முறை அடங்கும். அதையே காம்பைத் திருப்பி, இதழைக் குறைத்து நாலைந்து விதமாகப் போட்டால், எந்த இடம் கட்டு கேட்கிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிடும்.

— ஒரு டிசைன் வரைவாளர், அம்மாபேட்டை, சேலம்