ஒரு கிண்ணம் என்பது எவ்வளவு?

தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகனுக்கு ஒன்றரை வயது. எடை பத்துக் கிலோ. சென்ற மாதம் அங்கன்வாடியில் (எங்கள் ஊரில் இன்னும் பால்வாடிதான்) எடை பார்த்த நாளில், அவன் வேளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறான் என்று பணியாளர் கேட்டார். "ஒரு கிண்ணம்" என்றேன். பின்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணும் தம் மகளைப் பற்றி அதையே சொன்னார். வீட்டுக்கு வந்தபின் ஏதோ ஓர் ஐயத்தில், பால் புட்டியின் அளவுக்கோட்டைக் கொண்டு இரு வீட்டுக் கிண்ணங்களிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். எங்களுடையது 400 மில்லி பிடித்தது. அவர்களுடையது 150-ஐத் தாண்டவில்லை.

இந்த வயதில் இரைப்பை, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிதான் கொள்ளும் என்பது சத்துணவுக் கணக்கு. அப்படியானால் என் மகனுக்கு 300 மில்லியே விளிம்பு. ஒன்று முதல் இரண்டு வயது வரை வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் முதல் முழுக் கிண்ணம், நாளைக்கு 3 அல்லது 4 வேளை, பசித்தால் இடையில் ஒன்றிரண்டு முறை சிறுதீனி என்பதே உலக சுகாதார நிறுவனம் காட்டும் அளவு. நானோ நிலாவையும் நாய்க்குட்டியையும் காட்டி, 400 மில்லியும் காலியாகும்வரை ஊட்டிக்கொண்டிருந்தேன். அவன் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பிடிவாதம் என்று எண்ணினேன். முதல் ஆண்டில் பிறந்த எடையைப்போல் மும்மடங்காகும் பிள்ளை, இரண்டாம் ஆண்டில் இரண்டு, இரண்டரைக் கிலோதான் கூடும் என்பதும், அதற்கேற்பப் பசியும் மட்டுப்படும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டில் சிக்கல் வேறு. கிண்ணமும் சிறியது, அதிலிருந்த சத்துமாவுக் கஞ்சியும் கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராய் ஓடியது. கெட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும் என்று மாமியார் பயந்தாராம். அந்தக் கஞ்சியில் வயிறு நிறைந்துவிடும், சத்து சேராது. கரண்டியில் ஒட்டி நிற்கும் பதத்தில் கிளறி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் அதே கிண்ணத்தில் 45 கலோரி கூடுகிறது. சோறு இறங்காத குறைக்குப் பாலையே புகட்டும் வீடுகளும் உண்டு. பசும்பால் நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் மற்ற உணவு குறைந்து, இரும்புச்சத்து போதாமல் ரத்தசோகை வரலாம்.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் உணவாகக் கிடைக்க வேண்டும் என்று 2013இல் வந்தபோது வகுத்தது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் கலோரியை அளந்து யாரும் உலை வைப்பதில்லை. ஆகவே முதல் சத்துமாவுப் பொட்டலத்துடன் 250 மில்லி எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை, பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவதுபோல் அரைக்கும் முக்காலுக்கும் கோடு வெட்டித் தருமாறு வேண்டுகிறேன். எத்தனைக் கரண்டி மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் இருக்கட்டும். எடை பார்க்கும் நாளில் ஒரு கரண்டிக் கஞ்சியைச் சாய்த்துப் பதம் காட்டவும், வாயை மூடிக்கொண்டால் போதும் என்று பொருள் எனச் சொல்லவும் பணியாளர்களுக்குச் சற்று நேரம் ஒதுக்கித் தாருங்கள்.

இப்போதைக்கு எங்கள் இரு வீட்டுக் கிண்ணங்களிலும் நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறோம். நாலு முறை தேய்த்துக் கழுவினால் அது உதிர்ந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒன்றரை வயதுப் பிள்ளையின் தாய்