ஷிப்டு முடித்து வந்தும் படிக்க ஒரு பல்கலைக்கழகம்: பினாங்கு முதலமைச்சருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
நிபோங் திபால், சிம்பாங் அம்பாட் வட்டாரத் தொழிற்சாலை டெக்னிஷியன்கள், பெற்றோர்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற கலிப்ரேஷன் டெக்னிஷியன் ஒருவர்,
நிபோங் திபால், தென் செபராங் பிறை.

பெறுநர்:
மாண்புமிகு பினாங்கு மாநில முதலமைச்சர் அவர்கள்,
கொம்தார், ஜோர்ஜ்டவுன்.

நகல்:
மாண்புமிகு உயர்கல்வி அமைச்சர் அவர்கள், புத்ராஜெயா.

பொருள்: தென் செபராங் பிறையில் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நிலம் ஒதுக்கி, திட்டக்குழு அமைக்க வேண்டுதல்.

மாண்புமிகு ஐயா,

வணக்கம். தென் செபராங் பிறையில் புதிய அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாநில அரசு நிலம் ஒதுக்க வேண்டும். அதைத் திட்டமிட ஒரு குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கும் ஆய்வுக்கூட டெக்னிஷியன்களுக்கும் நாற்காலி போட வேண்டும். இதைக் கேட்டுத்தான் இந்த மனு. நிலம் மாநிலத்தின் கையில், பல்கலைக்கழக அனுமதி கூட்டரசின் கையில் என்பதால் நகல் புத்ராஜெயாவுக்கும் போகிறது. ஆனாலும் முதலில் தங்களிடம் வருகிறோம். சிலாங்கூர் மாநிலம் 1999-இல் தனக்கென ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. மாநிலம் முன்கை எடுப்பது இந்த நாட்டில் புதிதில்லை.

மனுவை எழுதும் நான் 1984-இல் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறிப் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் ஆலைக்கு வேலைக்குப் போனவன். அப்போது பாலம் இல்லை, அடுத்த ஆண்டுதான் திறந்தார்கள். ஆப்பரேட்டராகச் சேர்ந்து, பிறகு கலிப்ரேஷன் அறைக்கு மாறினேன். மீட்டரும், மின்னலையைத் திரையில் காட்டும் ஓசிலாஸ்கோப்பும் காட்டுவது சரியா என்று பார்த்து, சரியென்றால் தேதி போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவதே என் பிழைப்பு. 23 டிகிரியில் வைத்திருந்த அந்த அறைக்குள் இருக்கும்போது வெளியே வெயிலா மழையா என்றுகூடத் தெரியாது.

நடுவில் ஒரு கல்லூரியில் மாலை நேர டிப்ளோமாவுக்குப் பதிந்தேன். எனக்கு ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு. இரவு வாரத்தில் வகுப்பு தொடங்கும் ஏழு மணிக்கு நான் ஆலை வாசலில் கார்டு தட்டிக்கொண்டிருப்பேன். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அறிவிப்புப் பலகையில் என் எண்ணைப் பார்த்தேன், தேர்வு எழுதத் தடை விதிக்கப்பட்டவர்கள் பட்டியலில். வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டதாம். விரிவுரையாளர் நல்ல மனிதர். ‘அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றார். அடுத்த செமஸ்டரிலும் ஷிப்டு அதே ஷிப்டுதான். கட்டிய பணம் போனது தனிக் கதை.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. என் பக்கத்து வீட்டுத் தம்பி பத்து காவான் தொழிற்பேட்டையில் டெஸ்டர் மெஷின் பார்க்கிறான். பாலிடெக்னிக் டிப்ளோமா கையில் இருக்கிறது. புதிதாக வரும் பட்டதாரி எஞ்சினியர்கள் மெஷினைப் பற்றி இவனிடம்தான் கேட்டுக்கொள்கிறார்கள். ஆறு மாதத்தில் இவனுக்கு மேலதிகாரி ஆகிவிடுகிறார்கள். அவர்கள் மீது இவனுக்குக் கோபமில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டை விடாமல் பட்டம் வாங்க வழி உண்டா என்று மட்டும் என்னைக் கேட்கிறான். 40 ஆண்டுக்குப் பிறகும் என்னிடம் பதில் இல்லை.

2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம், 60,000 எஞ்சினியர்களைப் பயிற்றுவித்துத் திறன் உயர்த்துவோம் என்கிறது. நல்ல இலக்கு. ஆனால் அத்தனை பேரையும் எஸ்.பி.எம். என்ற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு முடித்த பிள்ளைகளிலிருந்தே தேட வேண்டுமா? மெஷினின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் ஆட்கள் ஏற்கனவே ஆலைக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் சொல்லிக் கொடுப்பது, கணிதமும் இயற்பியலும் படித்தவர்களுக்கு மெஷின் சொல்லிக் கொடுப்பதைவிடக் கடினம் என்று நான் நினைக்கவில்லை.

‘பினாங்கில்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறதே’ என்று அதிகாரிகள் கேட்பார்கள். இருக்கிறது, 1969 முதல் இருக்கிறது. அதன் பொறியியல் வளாகம் 2001 முதல் எங்கள் நிபோங் திபாலிலேயே இருக்கிறது, எங்களுக்குப் பெருமைதான். நாடு முழுக்க 20 அரசுப் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆனால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் (எம்.டி.யு.என்.) உள்ள நான்கும் பெர்லிஸ், மலாக்கா, ஜொகூர், பகாங் மாநிலங்களில் இருக்கின்றன. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்தைத் திறந்து, இந்த நாட்டுக்கு மின்னணுத் தொழிலைக் கொண்டுவந்த பினாங்கில் அப்படி ஒன்று இல்லை. இருக்கும் பல்கலைக்கழகத்தோடு போட்டி போட நாங்கள் கேட்கவில்லை. அங்கே வருபவர்கள் பெரும்பாலும் பகலில் படிக்க முடிந்தவர்கள். நாங்கள் கேட்பது பகலில் தூங்குகிறவர்களுக்கு.

ஐயா, அடுத்துச் சொல்வதைச் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம். திட்டக்குழு கட்டட வரைபடத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது.

ஓய்வு பெற்ற பிறகு, தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டு, உயர்கல்விக் கூடம் ஒன்றின் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போனேன். ஐந்து ஓசிலாஸ்கோப்புகள் பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாக இருந்தன. நல்ல சாமான், விலை கூடியது. பழக்க தோஷத்தில் நேரே ஸ்டிக்கரைப் பார்த்தேன். அடுத்த கலிப்ரேஷன் தேதி முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு ஓடின. மூன்றாவதன் பின்பக்கக் காற்றாடி சுற்றவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே பல்லி முட்டை. பக்கத்து அறையில் நுண்ணோக்கிகளின் லென்சில் பூஞ்சை படர்ந்திருந்தது. நம் ஊர் ஈரத்துக்கு ஏர்கோனை மாலை ஐந்துக்கு அணைத்தால் அது தானாக வரும்.

‘சரி செய்யவில்லையா?’ என்றேன். அங்கிருந்தவர் சொன்ன பதில் இன்னும் மறக்கவில்லை: ‘அண்ணே, புதுசு வாங்கக் காசு கிடைக்கும். பழசைப் பழுது பார்க்கக் காசு கிடைக்காது.’

இது அவர் குற்றமில்லை. அரசின் கணக்கில் மேம்பாட்டுச் செலவு ஒரு பெட்டி, நடைமுறைச் செலவு இன்னொரு பெட்டி. கட்டடமும் கருவியும் முதல் பெட்டியிலிருந்து வரும். திறப்பு விழாவும் படமும் அங்கேதான். பழுது, கலிப்ரேஷன், உதிரிச் சாமான், டெக்னிஷியன் சம்பளம் எல்லாம் இரண்டாவது பெட்டியிலிருந்து வர வேண்டும். பட்ஜெட்டில் கை வைக்கும்போது முதலில் இளைப்பது அதுதான். அதனால் எங்கள் முக்கியமான கோரிக்கை: புதிய பல்கலைக்கழகத்தில் கருவிக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்), அதைப் பராமரிக்க ஆண்டுதோறும் பத்துக் காசாவது தனி நிதியில் பூட்டி வைக்க வேண்டும். வேறு எந்தச் செலவுக்கும் அதைத் தொடக்கூடாது என்று ஒதுக்கீட்டு ஆவணத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்த நிதி இல்லாவிட்டால் கருவியை வாங்கவே வேண்டாம். டெக்னிஷியனுக்கும் மேலே போக ஏணி வேண்டும். சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெறுகிறவன் மெஷினைப் பார்ப்பான். மெஷின் மேல் அக்கறை வைப்பானா?

பெரிய கட்டடம் இல்லாமல் எப்படித் தொடங்குவது என்றால், நல்ல பல்கலைக்கழகங்கள் பல அப்படித்தான் தொடங்கின. இந்தியாவின் முதல் ஐ.ஐ.டி. 1951-இல் கரக்பூரில் தொடங்கியது. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி முகாம்தான் அதன் கட்டடம். நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமே முதலில் புக்கிட் கெலுகோர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் வாங்கி நடந்தது. 1971-இல்தான் மிண்டன் ராணுவ முகாமுக்குப் போனது. தென் கொரியா ஏழை நாடாக இருந்தபோது, 1970-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டெர்மன் தலைமையில் ஒரு குழு போய் ஆய்வறிக்கை கொடுத்தது. மறு ஆண்டே உயர் அறிவியல் கழகம் உருவானது. இன்றைய கைஸ்ட் (KAIST) பல்கலைக்கழகம் அதுதான். ஆசிரியர்களை வெளிநாட்டிலிருந்து திரும்ப வரவழைக்க மற்றப் பல்கலைக்கழகங்களைவிடக் கூடுதல் சம்பளம் கொடுத்தார்கள். மாணவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். கல்வி அமைச்சின் கீழ் வைக்காமல் அறிவியல் அமைச்சின் கீழ் வைத்தார்கள். ஆள் வருவதற்கு எது தடையோ அதை முதலில் எடுத்தார்கள். எங்கள் ஊரில் ஆளுக்குத் தடை ஷிப்டு.

ஆகவே ஒரே பாடம் வாரத்தில் இருமுறை நடக்கட்டும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எந்த வாரம் எதற்கு வந்தாலும் வருகை ஒன்றுதான் என்று கணக்கில் வையுங்கள். ஆய்வுக்கூடம் இரவு பத்து வரை திறந்திருக்கட்டும். 21 வயது நிறைந்து வேலை அனுபவம் உள்ளவர்களை இளங்கலைக்குச் சேர்க்க மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. ஏற்கனவே வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் வருகிறவர்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டுப் பிறகு மற்ற இடங்களை நிரப்புங்கள். ஆலைகளும் சும்மா நிற்காது. 1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை அரசும் ஆலைகளும் சேர்ந்து நடத்தத் தொடங்கியபோது, ஆலைகள் மெஷின் கொடுத்தன, பயிற்சியாளரையும் கொடுத்தன. ஒரு பாடத்துக்கு நாலு மணி நேரம் ஷிப்டு மாற்றித் தரச் சொன்னால் தர மாட்டார்களா? மாநிலம் கேட்டால் தருவார்கள். நாங்கள் கேட்டால் ‘எச்.ஆரைப் பார்’ என்பார்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேண்டாம். சிம்பாங் அம்பாட் அல்லது நிபோங் திபால் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தால், பட்டர்வொர்த்திலிருந்தும், எங்கள் பெரியவர்கள் இன்னும் சுங்குரும்பை என்று சொல்லும் புக்கிட் மெர்தாஜமிலிருந்தும், பாரிட் புந்தாரிலிருந்தும் கொமுட்டர் ரயிலில் வந்துவிடலாம். பன்னிரண்டு மணி நேரம் நின்றவனை மறுபடி மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

பெற்றோர்களும் ஒன்று சேர்க்கச் சொன்னார்கள். மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அறிவியல் விழாவில் பரிசு வாங்கும் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் எங்கே போகிறார்கள் என்று யாரும் பின்தொடர்வதில்லை. பல்கலைக்கழகத்தோடு ஓராண்டு அடித்தளக் கல்வியும் இருக்கட்டும். எந்த மொழிப்பள்ளியிலிருந்து வந்தாலும் குடும்ப வருமானத்தைப் பார்த்து இடம் கொடுக்கட்டும்.

திட்டக்குழுவின் அறிக்கை நில டெண்டருக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். வீட்டுமனைத் திட்டத்துக்கு நடுவில் கல்விக்கூடம் ஒன்றைப் படத்தில் வரைந்து காட்டுவது எப்படி முடியும் என்று எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

இவற்றை நேரில் விளக்க எங்களில் நால்வருக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். நால்வரில் இருவருக்கு இந்த மாதம் இரவு ஷிப்டு. காலை ஒன்பது மணிக்குக் கொடுத்தால் பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலம் வழியாக நேரே கொம்தாருக்கு வந்துவிடுவார்கள்; சீருடையில் இருப்பார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
நிபோங் திபால், சிம்பாங் அம்பாட் வட்டாரத் தொழிற்சாலை டெக்னிஷியன்களும் பெற்றோர்களும்.
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன.)