இரண்டு ஊர் உப்பும் ஒரு பழைய ஸ்கூட்டியும்

கோணேசர் துணை

லா கூர்நேவ், பிரான்ஸ்
12 தை 2025

அன்புத் தங்கச்சி,

நான் நல்ல சுகம். அம்மா, அப்பா, நீ எல்லாரும் சுகம்தானே. திருகோணமலை நிலாவெளிப் பக்கம் இன்னும் மழை விடவில்லை என்று அம்மா சொன்னா. இங்கே மழை குறைவு, குளிர்தான். விடியப்புறம் தெரு உறைந்து கிடக்கும். நகரசபை லொறி உப்புத் தூவிக்கொண்டு போகும். நீ வாங்க நினைக்கும் பழைய ஹொண்டா டியோ ஸ்கூட்டிகளின் நாலு படங்களையும் வடிவாகப் பார்த்தேன். குரல்பதிவில் சொன்னால் பாதி உனக்கு மறந்துபோகும். அதனால் தாளில் எழுதுகிறேன். வண்டி பார்க்கப் போகும்போது இதைக் கையில் கொண்டுபோ.

இங்கே கார் லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆனவர்கள் ஏழு மணித்தியாலப் பயிற்சி எடுத்தால் 125 ஸ்கூட்டர் ஓடலாம். அதனால் காலையில் பாரிஸ் தெருவில் கோட்டுச் சூட்டோடும் ஆக்கள் ஸ்கூட்டரில் போவார்கள். ஹெல்மெட் போல கையுறையும் 2016 கார்த்திகையில் இருந்து கட்டாயம். 2022 புரட்டாதியில் இருந்து பாரிசுக்குள் பெற்றோல் ஸ்கூட்டரை நிறுத்தவும் காசு கட்டவேண்டும். 2024 சித்திரையில் இருந்து இரண்டு சில்லு வண்டிகளுக்கும் தொழில்நுட்பப் பரிசோதனை வந்துவிட்டது. பழைய வண்டி விற்பவர் ஆறு மாதத்துக்குள் எடுத்த பரிசோதனைத் தாளை வாங்குபவர் கையில் கொடுக்கவேண்டும்.

உனக்கு அங்கே அப்படி ஒரு தாள் கிடையாது. புகைச் சான்றிதழ் புகையை மட்டும்தான் பார்க்கும், பிரேக்கையும் பெல்ட்டையும் பார்க்காது. அந்தப் பரிசோதகர் வேலையை நீதான் செய்யவேண்டும்.

முதலில் பத்திரம். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் விற்கிற ஆளுடையதா என்று பார். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அவர்களின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் உன் பெயருக்கு மாற்ற முடியாது. சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியிலேயே வாசித்துப் புத்தகத்தோடு ஒப்பிடு. கறள் பிடித்து வாசிக்க ஏலாமல் இருந்தால் அதுவே ஒரு செய்தி. வெறும் படிவத்தில் கையெழுத்து வைத்துத் தருகிற ஓப்பன் பேப்பர் வியாபாரம் வேண்டாம். நடுவில் மூன்று கை மாறியிருந்தால் நாளைக்கு யாரைத் தேடுவாய்? இன்னொன்று, டியோ 110 சீசீ. உன் லைசன்ஸில் ஏ1 மட்டும் இருந்தால் அது 100 சீசீ வரைக்கும்தான். ஏ பிரிவு வேண்டும்.

மீற்றரைப் பார்த்து மயங்காதே. ஊசி மீற்றர் ஒரு கேபிளில் ஓடுகிறது. கேபிளைக் கழற்றினால் மீற்றர் நிற்கும், வண்டி ஓடும். நீயே கணக்குப் போடு. ஒரு நாளைக்கு 20 கிலோமீற்றர், வருடத்துக்கு 300 நாள் என்றால் 6,000. எட்டு வருட வண்டி 18,000 காட்டினால், கால் வைக்கும் ரப்பர், பிரேக் லீவரின் நுனி, சாவித் துவாரம், சீற்றின் முன்பக்கம் நாலையும் பார். நாலும் தேய்ந்திருந்து மீற்றர் மட்டும் இளமையாக இருந்தால் நம்பாதே.

வரமுதலே எஞ்சினைச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போ. போனதும் சைலன்சரைத் தொட்டுப் பார், குளிராக இருக்கவேண்டும். முதலில் கிக்கரால் ஸ்டார்ட் பண்ணு, பிறகு பட்டனால். பட்டனில் மட்டும் முக்கினால் பற்றரி, பெரிய செலவில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது, ரிங்கோ வால்வு சீலோ போய்விட்டது. அந்த வண்டியை விட்டுவிடு. பழைய கார்புரேற்றர் வண்டி காலையில் ஒரு நிமிடம் முரண்டு பிடித்தால் அது குற்றமில்லை.

அடுத்தது கறள். இதில் நீயும் நானும் ஒரே ஊர்க்காரர்தான்: உனக்குக் கடல் உப்பு, எனக்குத் தெரு உப்பு. உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்த மாதிரித் தெரியும் இரும்பும் உள்ளுக்குள் நனைந்தே இருக்கும். மேலே இருக்கும் பிளாஸ்ரிக் மினுங்கினால் பரவசப்படாதே. பிளாஸ்ரிக் கறள் பிடிக்காது, அது மறைத்துவைத்திருக்கும் சட்டம்தான் பிடிக்கும். கால் தட்டு விரிப்பைத் தூக்கிப் பார். குனிந்து தட்டின் அடியில் ஓடும் குழாய்ச் சட்டத்தைக் கையால் தடவு. சைலன்சரின் அடிப்பாகம், எஞ்சினில் இருந்து வரும் புகைக் குழாயின் வளைவு, பற்றரித் தட்டு, சில்லு றிம்மின் உள்விளிம்பு எல்லாவற்றையும் பார். மேற்கறள் பறவாயில்லை. ஸ்குரூ ட்ரைவரால் குத்தும்போது பொருக்காக உதிர்ந்தால் அந்தச் சட்டத்தை நம்பி ஏறாதே. புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தாலும் சந்தேகப்படு.

நடு ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அமத்தச் சொன்னால் முன் சில்லு தூக்கும். ஹாண்டிலை ஒரு விரலால் இடமும் வலமும் திருப்பு. நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரிப் பிடித்தால் தலைப் பெயாரிங் போய்விட்டது. சில்லை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டு, ஆட்டம் இருக்கக்கூடாது. ரயரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 இன் 23ஆவது கிழமை செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் பழைய ரப்பர் மழையில் வழுக்கும். பின் டிரம் பிரேக்கை அழுத்தும்போது, சில்லருகே இருக்கும் அம்புக்குறி அடையாளக் கோட்டைத் தொட்டால் பிரேக் சூ முடிந்துவிட்டது.

இனித்தான் முக்கியமான இடம். ஸ்கூட்டியின் உண்மையான வயது இடப்பக்க மூடிக்குள்தான் இருக்கிறது. பைக்குக்குச் செயின் மாதிரி இதற்கு ரப்பர் பெல்ட். முன்னால் ஒரு புள்ளி, அதாவது பெல்ட் சுற்றும் கப்பி, அதற்குள் ஆறு ரோலர்; பின்னால் இன்னொரு புள்ளி, அதோடு கிளச். வேகம் கூடக் கூட ரோலர்கள் வெளியே தள்ளப்பட, முன் புள்ளி நெருங்கி பெல்ட் மேலே ஏறும். கியர் மாறுவது அப்படித்தான். ஓடிப் பார்க்கும்போது கிளம்பும் நேரத்தில் உடம்பு நடுங்கினால் கிளச் சூ மினுங்கிப் போய்விட்டது அல்லது தூசி சேர்ந்துவிட்டது. மண்கடதாசியால் உரசித் துடைத்தாலே பலவேளை சரிவரும். எஞ்சின் கத்தி வண்டி பின்தங்கினால் பெல்ட் வழுக்குகிறது. முன்பு போன வேகம் இப்போது போகவில்லை என்றால் பெல்ட்டின் அகலம் தேய்ந்து பள்ளத்தில் இருக்கிறது, அல்லது உருண்டையாக இருக்கவேண்டிய ரோலர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது.

தெரிந்த கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மூடியைத் திறக்கச் சொல். சின்ன ஆணிகள்தான், 8 மில்லிமீற்றர் சொக்கெற் போதும். கிக்கர் மூடியோடு சேர்ந்தே வரும். பெல்ட்டை மடித்துப் பற்களின் அடியில் வெடிப்பு இருக்கா என்று பார், புதியதன் அகலத்தோடு ஒப்பிடு. பெல்ட்டில் கிறீஸ் பட்டிருந்தால் பின் புள்ளியின் சீல் கசிகிறது. கிளச்சை மூடியிருக்கும் கிண்ணம், கிளச் மணி, நீலமாக இருந்தால் ஏற்றத்தில் கனக்கச் சூடாகியிருக்கு. திறக்க மாட்டேன் என்று விற்பவர் அடம்பிடித்தால் சண்டை வேண்டாம். பெல்ட், ரோலர், கிளச் சூ மூன்றின் விலையையும் கழித்துவிட்டு உன் விலையைச் சொல். 2020ல் அங்கே வாகன இறக்குமதியை நிறுத்திய காலத்தில் பழையதுக்கே புதியதின் விலை கேட்டுப் பழகிவிட்டார்கள், அதனால் வெட்கப்படாதே.

வாங்கிய முதல் கிழமையிலேயே, பழைய ஆள் "இப்பதான் மாத்தினது" என்று சத்தியம் பண்ணினாலும், எல்லா ஒயிலையும் மாற்று. எஞ்சின் ஒயில் 10டபிள்யூ-30, டப்பாவில் ஸ்கூட்டருக்கான தரக்குறி ஜாசோ எம்பி என்று இருக்கவேண்டும்; எம்ஏ என்பது கியர் பைக்குக்கு. வடித்து ஊற்றும்போது 700 மில்லிதான் பிடிக்கும். ஒரு லீற்றர் டப்பா முழுவதையும் ஊற்றிவிடுவதுதான் அங்கே வழக்கமான பிழை. மிஞ்சிய ஒயில் மூச்சுக் குழாய் வழியே எயார் பில்டருக்குள் போய் அதையும் கெடுக்கும். அளவு பார்க்க வண்டியை நடு ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறு. குச்சியைத் துடைத்துத் திருகாமல் சும்மா வைத்து எடு. ஒயிலுக்கு இதில் பேப்பர் பில்டர் கிடையாது, கம்பி வலைதான். அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவச் சொல். வடி ஆணியின் வளையத்தைப் புதிதாகப் போடு. பலம் முழுதும் கொடுத்து இறுக்கினால் அலுமினியத்தில் மரை போகும். அந்தச் செலவு ஒயிலை விடப் பல மடங்கு.

பின் சில்லின் கியர் ஒயிலைப் பாதிப் பேருக்குத் தெரியாது. நூறு மில்லியை ஒட்டிய சின்ன அளவு, ஆனால் வெளியே வருவது பால் போல இருந்தால் தண்ணீர் போயிருக்கு, அந்த வண்டி வெள்ளத்தில் ஓடியது. எயார் பில்டர் எண்ணெய் தடவிய பேப்பர் என்றால் காற்றடித்து ஊதவே கூடாது, அந்த எண்ணெய்தான் தூசியைப் பிடிப்பது. வீட்டில் இருந்து ரவுனுக்குப் போய்வர உனக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர், மாதம் 750. எஞ்சின் ஒயிலை 3,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அதாவது நாலு மாதத்துக்கு ஒருமுறை மாற்று. எயார் பில்டர் 16,000 கிலோமீற்றரில், பெல்ட் 24,000இல். பழைய பெல்ட்டின் வயது தெரியாவிட்டால் உடனே புதிது போட்டுத் திகதியை மூடியின் உள்பக்கம் எழுதி வை. ரோலர் ஆறையும் ஒன்றாகவே மாற்றவேண்டும்.

பெல்ட் மாற்றும்போது பக்கத்தில் நின்று ஒன்றைக் கவனி. பின் புள்ளியை விரித்துப் பெல்ட்டை நன்றாகப் பள்ளத்துக்குள் இறக்கின பிறகுதான் முன் நட்டை இறுக்கவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முன் புள்ளி பெல்ட்டை நசுக்கும், நட் இறுகின மாதிரித் தெரியும், நாலு நாளில் கழரும். அறுந்த பெல்ட் உள்ளே சிக்கினால் பின் சில்லு பூட்டவும் கூடும். மூடியைத் திறக்கும்போது வரும் தூசியை முகத்தில் படவிடாதே.

ரயர் காற்று: முன்னுக்கு 22 பிஎஸ்ஐ, பின்னுக்கு 29. பின்னால் அம்மா ஏறினால் 36. கிழமைக்கு ஒருமுறை, ரயர் குளிராக இருக்கும்போது. பிரேக் லீவருக்கு 10 முதல் 20 மில்லிமீற்றர் சும்மா அசைவு இருக்கவேண்டும். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் வோல்ட் மீற்றர் வைத்தால் 14 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். 12ஐ விட்டு ஏறவில்லை என்றால் பற்றரியைக் குறை சொல்லாதே, சார்ஜ் வரவில்லை. என் ஸ்கூட்டர் எஞ்சினுக்குத் தண்ணீர்க் குளிரூட்டல், டியோவுக்குக் காற்று. வலப்பக்க விசிறி மூடிக்குள் பொலித்தீன் துண்டு, காய்ந்த இலை சிக்கினால் எஞ்சின் வேகும். நிலாவெளி மணலுக்கு அதை அடிக்கடி எட்டிப் பார்.

உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர்தான். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடல் துமி வீட்டு வாசல் வரை வரும். கிழமைக்கு இருமுறை கிணற்றுத் தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவு. கிணறு சவர் என்றால் குழாய்த் தண்ணீர். இங்கேயும் உப்புப் போட்ட நாள் இரவே குளிர்ந்த தண்ணீரால் கழுவுவோம், சுடுதண்ணீரில் அரிப்புக் கூடும். சைலன்சர் ஆறிய பிறகே ஊற்று. சேர்வீஸ் ஸ்டேசன் காரனை இடப்பக்க மூடியின் காற்று வாய்க்கு நேரே தண்ணீர் அடிக்கவிடாதே. கழுவினதும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பிரேக்கைக் காய வை. கேபிள் நுனிகளுக்கும் ஸ்டாண்ட் மூட்டுக்கும் ஒவ்வொரு சொட்டு ஒயில். கரையோரம் போனால் ஈர மணலில் ஓடாதே.

வெள்ளம் சில்லின் அச்சுக்கு வந்தால் திரும்பு. தண்ணீர் உள்ளே போனால் பெல்ட் வழுக்கி, எஞ்சின் கத்தும், வண்டி நகராது. நிறுத்தி வடியவிட்டால் பெரும்பாலும் சரிவரும். எஞ்சினே நின்றுபோனால் மட்டும் மறுபடி பட்டனை அமத்தாதே. தள்ளிக்கொண்டு போய், பிளக்கைக் கழற்றி, எயார் பில்டர் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்.

நீ அனுப்பிய படங்களில் சிவப்பு வண்டியின் சைலன்சர் அடியில் ஒட்டுப் போட்ட மாதிரித் தெரியுது. அதை விடு. சாம்பல் நிறத்தின் கால் தட்டு விரிப்பைத் தூக்கி ஒரு படமும், மூடி திறந்தால் பெல்ட்டின் படமும் அனுப்பு. இங்கே நாலரை மணித்தியாலம் பின்னுக்கு, அதனால் பின்னேரமாக அனுப்பினால் நான் வேலை இடைவேளையில் பார்த்துச் சொல்லுவேன். அப்பாவின் கண் மருந்துக்கு அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணா