இலவச மென்பொருளுக்கும் காசு கொடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை டிடிபி கடைக்காரர்களுக்கு கடிதம், கணக்கு தயாரிக்கும் லிப்ரே ஆபீஸும், படம் வரையும் இங்க்ஸ்கேப்பும் சும்மா கிடைக்கின்றன. உரிமம் பணம் கேட்காது. கொடுத்தால் தடுக்கவும் செய்யாது. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத் தகவல்களைப் பூட்டி அனுப்பி அதன் பெரும்பகுதியைக் காத்துவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளுக்கு வந்த ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். உலகத்துக்கே பூட்டு செய்தவர்களுக்கு டீக்காசு!

இத்தகைய மென்பொருள் அமைப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பதால், கொடுக்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது வங்கிக் கார்டில். 2020-க்குப் பின் வழங்கப்படும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை இயக்கி, சிறு வரம்பு வைத்து, செலுத்தியதும் அணைத்துவிடுங்கள். மாதச் சந்தா வேண்டாம். மாதாமாதம் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கியின் 2021 விதிக்கு ஒத்துவராத தளங்களில் அது பாதியில் நின்றுவிடும். ஐம்பது, நூறாக அனுப்பினால் பரிமாற்றக் கட்டணமே தின்றுவிடும். வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுப்பதே நல்லது. வெளிநாட்டு அறக்கட்டளைக்குக் கொடுத்ததை வருமான வரிக் கழிவாகக் காட்ட முடியாது, ஆடிட்டரிடம் மல்லுக்கட்ட வேண்டாம்.

லிப்ரே ஆபீஸுக்கு என்றால் அதை நடத்தும், பெர்லினிலுள்ள டாக்குமெண்ட் பவுண்டேஷனின் சொந்தத் தளத்தில் செலுத்துங்கள். கையில் காசில்லாதவர்கள், தமிழ் எழுத்து உடையும் கோப்பைப் பதிப்பு எண், எழுத்துருப் பெயரோடு அந்த மென்பொருளை உருவாக்குபவர்களிடம் பிழைப் புகாராகப் பதியலாம்.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை