ஒப்பு வாங்கும் முன் தமிழில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரத்தக்குழாய் நோய் ஆராய்ச்சிக்கு நோயாளிகளிடம் ரத்தமும் திசுவும் சேகரிப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்ததும் என் அம்மாவின் கால்தான் நினைவுக்கு வந்தது.

அம்மா கேரளத்தில் பீர்மேடு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் கொழுந்து எடுத்தவர். நாள் முழுக்கச் சரிவில் நின்று செய்கிற வேலை. கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, கடைசியில் ஆறாத புண்ணாகிவிட்டது. நாங்கள் நரம்பு என்கிறோம். உண்மையில் அது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். மேலே ஏறும் ரத்தம் திரும்பிக் கீழே இறங்காமல் தடுக்கும் வால்வுகள் பழுதாவதால் வரும் நோய். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இந்தக் காலோடு நடமாடும் பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

போன வருஷம் மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அன்று காலை ஒருவர் நான்கு பக்கத் தாளோடு வந்திருக்கிறார். முழுக்க மலையாளம். அம்மா தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். "ரிசர்ச்சினாணு, ஒரு ஒப்பு மதி" (ஆராய்ச்சிக்குத்தான், ஒரு கையெழுத்து போதும்) என்று சொல்லியிருக்கிறார்கள். மருந்துக்கடை வரிசையில் நின்றுவிட்டு நான் வந்தபோது அம்மாவின் கட்டைவிரலில் மை இருந்தது. ஊதா மூடி போட்ட இரண்டு குழாயில் ரத்தமும் எடுத்தாகிவிட்டது. வெட்டி எடுக்கும் சிரையில் ஒரு துண்டும் அவர்களுக்குத்தானாம்.

வீட்டுக்கு வந்தும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "அதை வச்சு என்னடி பண்ணுவாங்க? வித்துடுவாங்களா?" என்று மாசக்கணக்கில் கேட்டார். நானே தேடிப் படித்துச் சொன்னேன். ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் மெஷினில் சுழற்றி, பிளாஸ்மா என்ற நீர்ப் பகுதியைப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள். சிரையின் சுவரும் வால்வும் எப்படிக் கெடுகின்றன என்று அந்தத் துண்டில் பார்ப்பார்கள் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நானே கூப்பிட்டுக் குடுத்திருப்பேனே" என்றார்.

கொழுந்துக்காரிகளின் காலைப் பற்றி ஆராய்ச்சி நடந்தால் பலன் பெறப்போவதும் எங்கள் பெண்கள்தான். அதனால் மாதிரி எடுப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவாக இருக்கின்றன. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆராய்ச்சியில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாகக் கூட இருக்க வேண்டும். தாளின் பிரதி ஒன்றை நோயாளி கையில் தர வேண்டும். வேண்டாம் என்றாலும் சிகிச்சையில் குறை வரக்கூடாது. பிறகு மனசு மாறினால் விலகிக்கொள்ளலாம். இதில் ஒன்றைக்கூட அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். ரேஷன் கார்டுக்குத் தமிழில் மனு எழுத முடிகிற ஊரில், உடம்பிலிருந்து எடுக்கும் சதைக்கு ஒரு தமிழ்த் தாள் கிடையாதா? ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நீட்டாமல் முந்தின நாளே அதைக் கொடுங்கள். வாசித்துக் காட்ட எங்கள் பிள்ளைகளிலேயே நர்ஸ்கள் இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் அம்மாவின் இன்னொரு காலுக்கு ஆபரேஷன். இந்த முறை தாளை முன்னாலேயே கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாக நானே அவருக்குத் தமிழில் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.